லோட்டாவுக்கு ஏறிய ரத்தம்

ஏற்காட்டு மலையில் இருக்கும் செம்மநத்தத்துப் பாவாயிக்கு நாற்பது வயதாகும்வரை நாய்க்கு வைத்தியம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. மாட்டுக்குக் கால் வீங்கினால் பச்சிலை அரைத்துக் கட்டுவாள். ஆட்டுக்கு வயிறு ஊதினால் எண்ணெய் புகட்டுவாள். நாய்க்கு நோவு வந்தால் அது தானாகவே காப்பிச் செடிகளுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். பிழைத்தால் திரும்பி வரும், இல்லையென்றால் வராது. அதில் மனுசர் செய்வதற்கு என்ன இருக்கிறது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

கணவன் இறந்த பிறகு, சொந்தமாக இருந்த கொஞ்சம் காப்பியும் ஆரஞ்சு மரங்களும் வயிற்றுக்குப் போதவில்லை. ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற இடத்துக்கு மேலே குடியிருந்த இங்கெர் அம்மா வீட்டுக்குச் சமையல் வேலைக்குப் போனாள். இங்கெர் சுவீடன் தேசத்துக்காரி. அங்கிருந்து வந்து ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். தமிழைப் புத்தகம் வைத்துப் படித்தவள் என்பதால், “நீ உணவு அருந்தினாயா, பாவாயி?” என்றுதான் கேட்பாள். ஆரம்பத்தில் பாவாயிக்குச் சிரிப்பை அடக்க முடியாது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குள் போய்விடுவாள்.

இங்கெருக்கு ஒரு நாய் இருந்தது. பழுப்பு நிறம், தரையைத் தொடும் காது. எஸ்டேட்டை விற்றுவிட்டுப் போன ஒரு துரை விட்டுப்போன குட்டி அது. ‘லோத்தெ’ என்று அவள் வைத்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. ஏற்காட்டுக்கு அது லோட்டாதான்.

ஒருமுறை லோட்டாவுக்குக் காதில் சீழ் பிடித்தது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் பார்த்துச் சீட்டு எழுதினார். மருந்து ஒரு கடையில், ஊசி வேறு கடையில் வாங்க வேண்டியிருந்தது. ஊசி போட்டவருக்குத் தனியாக ஏதோ கொடுக்க வேண்டும் என்றார்கள். எவ்வளவு என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. இங்கெர் சீட்டுகளையெல்லாம் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“இவற்றில் எது மருத்துவரின் கட்டணம், பாவாயி? எங்கள் நாட்டில் நாய்க்குக் காப்பீடு உண்டு. நான் சிறிது கட்டுவேன். நோய் வந்தால் மீதியை அந்த நிறுவனம் கட்டிவிடும்.”

“நாய்க்கு இன்சூரன்சுங்களா?” பாவாயி கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டாள். “பஸ்சுக்குத்தானுங்கம்மா அதெல்லாம் இருக்கும்!”

அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அதே நினைப்புதான். எங்கோ பனி பெய்கிற தேசத்தில், நாய் செத்துவிடக் கூடாது என்று ஆபீஸ் போட்டு ஆள் வைத்துப் பணம் சேர்க்கிறார்கள். அவள் கூடவே நடந்து வந்த சுட்டியனைப் பார்த்தாள். நெற்றியில் வெள்ளைப் பட்டையோடு, எருமைக்கன்று மாதிரி திடமான நாய். காட்டுப்பன்றி தோட்டத்துக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்வது அவன்தான். அவனுக்கு அவள் செலவழித்ததெல்லாம் களியும் மிஞ்சிய குழம்பும்தான்.

எண்பத்தைந்தாம் வருசம் மழை முடிந்த சமயத்தில் லோட்டா படுத்துவிட்டது. காலையில் வேலைக்கு வந்த பாவாயிதான் முதலில் கவனித்தாள்.

“ஏனுங்கம்மா, இது ஒண்ணுக்குப் போறது காப்பித்தண்ணியாட்டம் கறுப்பா இருக்குதுங்க.”

மாட்டாஸ்பத்திரி டாக்டர் நாயின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. “இங்க வசதி இல்லைங்க. சேலத்துல தேவகுமாரின்னு ஒரு டாக்டரம்மா சொந்தமா ஆஸ்பத்திரி வெச்சிருக்காங்க. உடனே கொண்டுபோங்க” என்றார்.

வாடகைக்கு வண்டி ஓட்டும் சையத் இப்ராஹிம் தன் அம்பாசிடர் காரின் பின்சீட்டில் சாக்கு விரித்துக் கொடுத்தார். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி திரும்பும்போதெல்லாம் லோட்டாவின் தலை பாவாயியின் மடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டது. கனமே இல்லை.

மிருகத்துக்குப் பொம்பளை டாக்டர் என்பதே பாவாயிக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. தேவகுமாரி அதிகம் பேசுகிறவர் இல்லை. காது நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஊற்றி, மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்.

“உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடிச்சு உள்ள விட்ட கிருமி ரத்தத்தைத் தின்னுட்டு இருக்குது. ஊசி இருக்கு. ஆனா ஊசி வேலை செய்யற வரைக்கும் தாங்கறதுக்கு இதோட உடம்புல ரத்தம் இல்லை. வேற நாயோட ரத்தம் ஏத்தணும்.”

இங்கெர் தலையாட்டினாள். கைப்பையைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். பள்ளிக்கூடச் சம்பளம் போக, ஊரிலிருந்து அவளுக்குப் பணம் வர வாரக்கணக்கில் ஆகும் என்பது பாவாயிக்குத் தெரியும்.

“டாக்டரம்மா, கேக்கறது தப்புன்னா மன்னிச்சுக்குங்க. எல்லாம் சேந்து என்ன ஆகுமுங்க? இப்பவே செஞ்சாகணும்ங்கறது எது, ரண்டு நாள் தள்ளிச் செய்யலாம்ங்கறது எதுன்னு கொஞ்சம் பிரிச்சுச் சொல்லிப்போடுங்க.”

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “இதை முன்னாடியே கேக்கறவங்க நொம்பக் கம்மிங்க. கடைசியில பில்லைப் பாத்துட்டுத்தான் சத்தம் போடுவாங்க” என்று சொல்லிவிட்டு விளக்கினார். ஊசியும் ரத்தமும் இப்போதே வேண்டும். ஈரல் பரிசோதனை அப்புறம் செய்துகொள்ளலாம். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியதில்லை. சத்து மருந்தில் விலை குறைந்ததே போதும். பணத்தை இரண்டு மூன்று தடவையாகக் கொடுத்தாலும் சரிதான்.

இங்கெர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “கேட்கலாமா? விலை கேட்டால் நான் லோத்தெயைக் குறைவாக நேசிக்கிறேன் என்று நினைப்பார்களோ என்று பயந்தேன்.”

“ரத்தம் குடுக்கற நாய்க்கு எங்க போறது?” என்றார் டாக்டர். “நல்ல பெரிய நாயா, நோயில்லாததா இருக்கணும்.”

பாவாயி யோசிக்கவே இல்லை. “எங்கூட்டுல இருக்குதுங்க.”

இப்ராஹிம் அவளை ஏற்றிக்கொண்டு மலையேறினார். செம்மநத்தத்துக் குறுகல் பாதையில் சுட்டியன் எதிரே ஓடி வந்தான். காரில் ஏறியே பழகாதவன், பாவாயி ஏறியதும் தானும் தாவி ஏறிக்கொண்டான். பாதி வழியில்தான் அவளுக்குப் பயம் பிடித்தது. “தம்பி, ரத்தத்தை எடுத்துப்போட்டா இவன் என்னாவான்? அப்புறம் நடமாட்டம் இருக்குமா?”

“அந்தம்மாகிட்டயே கேளுங்கக்கா. வேண்டாம்னு தோணுச்சுன்னா, நானே திருப்பிக் கொண்டுவந்து விட்டுர்றேன்.”

கேட்டாள். சில வாரங்களில் எல்லாம் ஊறிவிடும், அளவு மீறி எடுக்கமாட்டேன் என்று டாக்டர் சொன்னார். இரண்டு நாயின் ரத்தத்தையும் கண்ணாடித் துண்டில் கலந்து, ஒத்துப்போகிறதா என்று பார்த்தார். பிறகு லோட்டாவின் ரத்தம் தடவிய துண்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்து, “நீங்களும் பாருங்க” என்று பாவாயியைக் கூப்பிட்டார்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வட்டம் வட்டமாக, ராகியைக் கொட்டிப் பரப்பினாற்போல, எண்ணி முடியாத பொட்டுகள். சில பொட்டுகளுக்குள் மட்டும் இரண்டு விதையை ஒட்டவைத்தது போல ஏதோ கறுப்பாக உட்கார்ந்திருந்தது.

“அதுதான் கிருமி.”

“ஒரு சொட்டுக்குள்ள இத்தனையுங்களா?” தன் விரலைத் தானே பார்த்துக்கொண்டாள். “எனக்குள்ளயும் இந்த வட்டமெல்லாம் இருக்குதுங்களா?”

“உங்களுக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு.”

சுட்டியனின் தலையை மடியில் வைத்து, பாவாயி காதோரம் பேசிக்கொண்டே இருந்தாள். கழுத்து மயிரை மழித்து ஊசியை ஏற்றினார்கள். பன்றியை விரட்டுகிற நாய், முனகக்கூட இல்லை. கறுஞ்சிவப்பாக ரத்தம் குழாயில் ஓடிப் பாட்டிலில் இறங்கியது. பிறகு அந்தப் பாட்டிலையே தலைகீழாகத் தொங்கவிட்டு லோட்டாவின் காலில் ஊசியைக் கட்டினார்கள். சொட்டுச் சொட்டாக அது இறங்கிக்கொண்டிருந்தது. வெளியே இருந்த இப்ராஹிம்கூட வாசற்படியில் வந்து நின்றுகொண்டார்.

பாதிப் பாட்டில் இறங்கியிருக்கும். டாக்டர் லோட்டாவின் உதட்டைத் தூக்கிக் காட்டினார். சுண்ணாம்பாய் இருந்த ஈறுகளில் மெல்லிசாகச் சிவப்பு. விடிகிற நேரத்து வானம் மாதிரி, இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத சிவப்பு. கொஞ்ச நேரத்தில் அதன் வால் மேசையில் ஒருமுறை தட்டியது. பாவாயிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தன் வீட்டுக் களியைத் தின்று ஊறிய ரத்தம், கண்ணெதிரே இன்னொரு உடம்பில் உயிராகிக்கொண்டிருந்தது. கோவிலில்கூட அவள் அப்படி நின்றதில்லை.

பில்லில் ஊசி இருந்தது, பாட்டில் இருந்தது, டாக்டரின் கட்டணம் இருந்தது. இங்கெர் ஒவ்வொன்றாகப் படித்தாள். “குருதியின் விலை இதில் இல்லையே?”

“அதை நான் போட முடியாது. நாய்க்காரங்களைக் கேளுங்க” என்றார் டாக்டர்.

பாவாயி பதறிப்போனாள். “ரத்தத்துக்கு வெலையாங்கம்மா? அதை நானா குடுத்தேன்? அவன்தானுங்களே குடுத்தான்!”

இங்கெர் எழுந்து போய், சிமெண்டுத் தரையில் சுட்டியனுக்கு எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தாள். அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தன் பாஷையில் நெடுநேரம் ஏதோ சொன்னாள். சுட்டியன் அவள் கண்ணாடியை நக்கினான்.

லோட்டா பிழைத்துக்கொண்டது. டாக்டருக்குத் தரவேண்டியதை இங்கெர் மூன்று தடவையில் கொடுத்து முடித்தாள். அதற்கப்புறம் மாதச் சம்பளம் வந்ததும் கொஞ்சத்தை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவைப்பாள். “இதுவே நம் காப்பீட்டு நிறுவனம்” என்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேருமாகப் படியில் உட்கார்ந்து, இரண்டு நாய்க்கும் உண்ணி பொறுக்கி மண்ணெண்ணெயில் போடுவார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு வந்த மற்ற வெளிநாட்டு டீச்சர்களும் பூனைக்கோ நாய்க்கோ ஏதாவது என்றால் பாவாயியைத்தான் தேடி வந்தார்கள். அவள் கூடப் போய், மேசையில் நாயை ஏற்றுவதற்கு முன்பே என்ன செலவாகும் என்று கேட்டுவிடுவாள். பக்கத்து ஊரான நாகலூரிலிருந்தும் ஆட்கள் மாட்டைப் பற்றிக் கேட்க வந்தார்கள். மாட்டு விசயம் தனக்குத் தெரியாது, டாக்டரிடம்தான் கேட்க வேண்டும் என்று பஸ் ஏற்றி அனுப்புவாள்.

தொண்ணூற்றொன்றில் இங்கெர் ஊருக்குத் திரும்பிவிட்டாள். அதற்கு முந்தின வருசமே லோட்டா வயதாகி இறந்துபோயிருந்தது.

இங்கெர் போன அதே வருசம் சேலத்தில் ஆரஞ்சு விற்கப் போயிருந்த பாவாயி, பெரிய ஆஸ்பத்திரி வாசலில் இப்ராஹிமைப் பார்த்தாள். அவர் மனைவி ஹலீமாவுக்குப் பிரசவத்தில் ரத்தம் நிறையப் போய்விட்டது. சொந்தக்காரர்களின் ரத்தம் சேரவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மனுசர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பாவாயி கூடையை இறக்கினாள். “என்னுது சேருமான்னு பாக்கச் சொல்லுங்க தம்பி.”

சேர்ந்தது. கட்டிலில் படுக்கவைத்து ஊசியை எடுத்து வந்த நர்ஸ், மலைக்காட்டுப் பொம்பளை எழுந்து ஓடிவிடுவாளோ என்று நினைத்தாளோ என்னவோ, “பயமா இருக்குதுங்களா?” என்று கேட்டாள்.

“எங்கூட்டு நாயே பயப்படலீங்க. எனக்கென்னங்க பயம்?”

நர்ஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாவாயி விளக்கவும் இல்லை. ஹலீமா படுத்திருக்கும் அறை எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தப் பக்கமாக முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டாள்.