பிளாஷ் போடாமல் எடுத்த படம்

அன்று ஃபுல் ஃபிரேம் கமெராவை வாங்கியிருந்தால் அந்தப் பிள்ளையின் முகம் தெளிவாக விழுந்திருக்குமா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இத்தாலியின் பலெர்மோவில் எங்கள் ஆட்களின் பிறந்தநாள், சாமத்தியவீடு, கலியாணம் எல்லாவற்றுக்கும் நான் படம் எடுத்து வந்தேன். கிழமை நாட்களில் லிபெர்த்தா வீதியில் ஒரு இத்தாலியச் சிஞ்ஞோராவின் வீட்டில் வீட்டுவேலை. மகள் பிறந்து சில மாதங்களில் பழைய கமெரா பழுதாகிவிட்டது. எதை வாங்குவதென்று வாசித்து வாசித்துக் குழம்பினேன். ஃபுல் ஃபிரேமுக்கு, வெளிச்சத்தை வாங்கும் சென்சர் பெரிது. மங்கிய வெளிச்சத்திலும் படம் சுத்தமாக வரும். குரொப் கமெராவுக்குச் சென்சர் சிறிது. வெளிச்சம் குறைந்தால் படம் மணல் தூவியதுபோலப் புள்ளி புள்ளியாகிவிடும். ஆனால் பாரம் குறைவு.

“மண்டபத்திலை பிளாஷ் போட்டுத்தானே எடுக்கிறீர். இருட்டிலை பேயையே படம் பிடிக்கப் போறீர்?” என்று கணவர் சிரித்தார். “ஆல்பத்துக்கு இது காணும்.”

குரொப்பையே வாங்கினேன்.

சிஞ்ஞோராவின் கட்டடத்திலேயே மேல் மாடியில் வேலை செய்த ஒரு அக்காவும் நானும் ஒரே பஸ்ஸில்தான் போய்வருவோம். அவர் வன்னியிலிருந்து வந்தவர். முதல் பிள்ளை வயிற்றில் இருந்தது. என் மகளுக்கு அளவில்லாமற்போன சட்டைகளை அவருக்காகத் துவைத்து மடித்து வைத்திருந்தேன். நாள் நெருங்கியபோது பிள்ளையின் துடிப்பு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அவரே அழைத்தார்.

“தங்கச்சி, கமெராவைக் கொண்டு வாறியே? பின்னேரம் பிள்ளையைக் கொண்டு போயிடுவினமாம்.”

அறையில் சன்னல் திரை இறக்கியிருந்தது. மடியில் மகனை வைத்தபடி அக்கா கட்டிலில் இருந்தார். நான் பிளாஷைப் பொருத்தினேன்.

“அது வேண்டாம். பிள்ளைக்குக் கண் கூசும்.”

கழற்றிப் பையில் வைத்தேன். திரையையும் உயர்த்தாமல் அந்த மங்கலிலேயே எடுத்தேன்.

புள்ளி புள்ளியாக விழுந்த படங்களைப் பார்த்த கணவர், “ஃபுல் ஃபிரேமே வாங்கியிருக்கலாம். என்னாலைதான்” என்றார். சில நாள் நானும் அப்படியே நினைத்து ஆறுதல் பட்டேன். பிறகு கமெரா பதிந்து வைத்திருந்த படத்தின் விவரங்களைத் திறந்து பார்த்தேன். ஷட்டரின் வேகம், பச்சைக் குழந்தைகளுக்கு நான் எப்போதும் வைக்கும் வேகம். காலை உதைத்தாலும் கையை ஆட்டினாலும் படம் கலங்காமல் இருப்பதற்கானது. அந்த வேகத்தில் உள்ளே போகும் வெளிச்சம் குறைவு. அதனால்தான் இத்தனை புள்ளிகள். கட்டில் கம்பியில் கமெராவை ஊன்றி, வேகத்தைக் குறைத்திருந்தால் இந்தச் சின்னச் சென்சரே போதுமாக இருந்திருக்கலாம். அவன் அசையப் போவதில்லை என்று என் கைக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும், கண் கூசும் என்று சொன்ன தாயின் முன்னால் அந்த வேகத்தை மாற்றியிருப்பேனா?

சின்னதாக அச்சடித்த படத்தை அக்கா கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். இப்போது அவருக்கு ஒரு மகள் இருக்கிறாள்.

“இவளின்ரை படம் சுவரிலை பெரிசா இருக்கு. பக்கத்திலை அவன்ரையும் அதே அளவிலை வேணும்” என்று போன கிழமை கேட்டார்.

பெரிதாக்கினால் முகம் புள்ளிகளுக்குள் கரைகிறது. கணினியில் புள்ளிகளை அழித்துப் பார்த்தேன். நெற்றியிலிருந்த பூமயிரும், தாயைப் போலவே இருந்த புருவக் கோடும் சேர்ந்து அழிந்து, யாரோ ஒரு பிள்ளையாகிவிட்டான். புள்ளியோடு இருப்பதையும் புள்ளி அழித்ததையும் அக்காவின் முன் வைத்து, எது உங்கள் மகன் என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

படம் எடுப்பவர்களும், இப்படிப் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் இதை வாசித்தால் தயவுசெய்து எழுதுங்கள். நான் எந்தப் படத்தை அச்சடிக்கட்டும்?