இருபத்தேழாவது பெயர்

அந்தப் பதிவேடு இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. காக்கி அட்டை போட்டு, முதுகில் துணி ஒட்டிய நீளமான வருகைப் பதிவேடு. 2004 ஜூனில் தொடங்கி அடுத்த மே மாதத்தில் முடிகிறது. அட்டையின் ஒரு மூலையை எலி கடித்திருக்கிறது. உள்ளே வார்டன் அக்காவின் கையெழுத்து அச்சு மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. வந்திருந்தால் நீல மையில் ஒரு சாய்கோடு, வராவிட்டால் சிவப்பில் பெருக்கல் குறி. ஜனவரிப் பக்கத்தில், இருபத்தேழாவது பெயருக்கு நேராக, கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து விடுதி திறந்த முதல் நாள் கட்டத்தில், ஒரு நீலக் கோடு இருக்கிறது. அந்தப் பெயருக்கு உரிய பிள்ளை அதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பே, கடல் ஊருக்குள் வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், இறந்துபோயிருந்தாள்.

நான் அப்போது கடலூர் பழைய நகரத்தில், ஒரு சபை நடத்திய பெண்பிள்ளைகள் விடுதியில் உதவி வார்டன். சொந்த ஊர் குறிஞ்சிப்பாடி. தைரியசாலி என்று யாரும் என்மீது பழி போட முடியாது. குழாயில் தண்ணீர் சொட்டினால்கூட இரண்டு முறை திரும்பிப் பார்க்கிற ரகம். வார்டன் அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். சிதம்பரத்துக்காரர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவரும் பயந்த சுபாவம்தான் என்பது நான் வேலையில் சேர்ந்த ஒரே மாதத்தில் தெரிந்துவிட்டது. பல்லி, இடி, உயரம் எல்லாமே பயம். ஆனால் அந்தப் பயத்துக்கு அவர் ஒரு கால அட்டவணை போட்டு வைத்திருந்தார். மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் இரும்பு ஏணியைப் பார்த்தாலே அவருக்குக் கால் நடுங்கும். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அதில் ஏறித் தொட்டியைப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டு, ஒரு வாரம்கூடத் தவறாமல் நடுங்கிக்கொண்டே ஏறுவார். வாட்ச்மேனை ஏறச் சொல்லலாமே என்று கேட்டேன். "பயம் போனப்புறம் ஏறலாம்னு ஒக்காந்திருந்தா அது போவாது. மணியாச்சா, ஏறணும். அவ்ளோதான்," என்றார்.

மாலை ஆறு மணிக்கு ஜெப ஹாலில் பேர் கூப்பிடுவார். நாற்பத்திரண்டு பெயரும் அவருக்கு மனப்பாடம். பதிவேட்டைப் பார்க்காமல், பிள்ளைகளின் தலைக்கு மேலே எங்கோ பார்த்தபடி கடகடவென்று சொல்லிக்கொண்டே போவார், பேனா மட்டும் கீழே கோடு போட்டுக்கொண்டிருக்கும். தன் பேர் வரும்போது ஹாலுக்குள் இல்லாதவளுக்குச் சிவப்புக் குறி. அடுத்த நொடியே மூச்சிரைக்க ஓடி வந்து நின்றாலும் திருத்த மாட்டார். பேர் கூப்பிட்டால் 'உள்ளேன் அம்மா' என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது, ஆளுக்கு ஒரு வசனம் சொல்ல வேண்டும். பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? வேதத்திலேயே மிகச் சிறிய வசனம் எது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். ஆண்டவர் சிநேகிதனின் கல்லறையண்டை அழுததைச் சொல்லும் அந்த மூன்றே சொற்களை வரிசையாகப் பத்துப் பிள்ளைகள் ஒப்பித்த அன்று, அக்கா அந்த வசனத்துக்குத் தடை போட்டுவிட்டார்.

தடையை மீறியவள் ஒருத்திதான், இருபத்தேழாவது பேருக்கு உரியவள். துறைமுகத்துக்குத் தெற்கே மீனவர் குப்பத்துப் பிள்ளை, ஏழாம் வகுப்பு. வாரத்தில் இரண்டு நாளாவது அதே சின்ன வசனத்தைச் சொல்லி, கடைசிச் சொல்லை மட்டும் ராகம் போட்டு இழுத்து மேலே தூக்கி விடுவாள். ஹாலே சிரிக்கும். காதைத் திருகப் போகும் அக்காவின் உதட்டிலும் சிரிப்பு இருக்கும். இருபத்தெட்டாவது பேர் அவள் தங்கையுடையது. ஐந்தாம் வகுப்பு, அக்காளின் பாவாடைக்குப் பின்னால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டே வசனம் சொல்லும் பிள்ளை. டிசம்பரில் இருவரும் பண்டிகைக்கு வீட்டுக்குப் போனார்கள். தாயும் மூத்தவளும் கடலோடு போனார்கள். சின்னவளைத் தென்னைமரத்தைக் கட்டிப்பிடித்த நிலையில் தாய்மாமன் கண்டெடுத்தார். மாமனே ஜனவரியில் கொண்டுவந்து விட்டார். அவள் அழவில்லை, பேசவும் இல்லை. சோறு வைத்தால் சாப்பிட்டாள், அவ்வளவுதான்.

திறந்த அன்று மாலை நடந்ததை எத்தனையோ முறை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். கடல் எங்களுக்கு ஒரு மைல் தள்ளி. அதற்கு முன் அதன் சத்தத்தை நான் கவனித்ததே இல்லை, அன்று ஹாலுக்குள்ளேயே இரைவது போலிருந்தது. அக்கா வழக்கம்போலத் தலையை நிமிர்த்திப் பேர்களைச் சொல்லிக்கொண்டு வந்தார். இருபத்தைந்து, இருபத்தாறு. பழக்கதோஷம், வாய் தானாக இருபத்தேழாவது பேரையும் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது, கை பேனாவோடு அப்படியே நின்றது. அடுத்த கணம் ஹாலின் பின்புறமிருந்து அந்த வசனம் கேட்டது. மூன்று சொற்கள். கடைசிச் சொல் இழுபட்டு மேலே போனது.

அலறியபடி பிள்ளைகள் எல்லாரும் மேசையை நோக்கி ஓடி வந்தார்கள். நான் செய்த வீரச்செயல் கண்களை இறுக மூடிக்கொண்டது. அந்தக் கூச்சலுக்கு நடுவிலும் அக்கா மிச்சப் பேர்களைச் சொல்லிக்கொண்டிருந்தது மட்டும் காதில் விழுந்தது. கண்ணைத் திறந்தபோது கூட்டத்தின் ஓரத்தில் சின்னவள் நின்றிருந்தாள். முகத்திலிருந்தும் முன்மயிரிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் அக்கா அந்தப் பேரைச் சிவப்பில் அடித்துவிடுவார், தானாக அடங்கிவிடும் என்று நினைத்தேன். மாலை ஐந்தரைக்கு அவர் அறையில் முழங்காலில் நின்று ஜெபித்துவிட்டு வந்தார். இருபத்தாறு முடிந்தது. அடுத்த பேரை, இந்த முறை பதிவேட்டைப் பார்த்து, நிதானமாகக் கூப்பிட்டார். குரல் வந்தது. இப்போது எல்லோரும் பார்த்தோம், சின்னவளின் உதடுதான் அசைந்தது. ஆனால் குரல் அவளுடையது அல்ல, அப்படியே மூத்தவளின் குரல். அடுத்து அவளுடைய சொந்தப் பேரைக் கூப்பிட்டபோது சுவரைப் பார்த்தபடி வாய் திறக்காமல் நின்றாள். அதற்குப் பிறகு தினமும் அதேதான். செத்தவளின் பேருக்குப் பதில் சொன்னாள், தன் பேருக்குச் சொல்லவில்லை.

விடுதி அல்லோலகல்லோலப்பட்டது. பிள்ளைகள் நான்கு பேராகச் சேராமல் கழிவறைக்குப் போவதில்லை. ஹால் தரையில் காலையில் ஈரக் காலடித் தடம் பார்த்ததாகச் சமையல்கார அம்மா சொன்னார். இரண்டு பேர் வந்து தங்கள் பிள்ளைகளை அழைத்துப் போனார்கள். அந்த இரண்டாம் நாள் இரவே நான் அக்காவிடம் சண்டைக்குப் போயிருந்தேன். எதற்குக் கூப்பிடுகிறீர்கள், கூப்பிடுவதால்தானே வருகிறது என்றேன். அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நேத்து கூப்புட்டேன், ஒரு கொழந்த பதில் சொல்லிச்சி. இன்னிக்கி கூப்புடாம வுட்டா அந்தக் கொழந்த எங்க போவும்?" என்றார். பதிவேட்டைப் பிடித்திருந்த அவர் கை நடுங்கியது. அதை மறைக்க மேசையோடு அழுத்திக்கொண்டார்.

இனி சொல்வதைச் சொல்ல எனக்கு இப்போதும் வெட்கம்தான். பிப்ரவரியில் ஒரு நாள், அக்கா சபை அலுவலகத்துக்குப் போயிருந்த நேரத்தில், நான் மாமனுக்குப் போன் செய்தேன். அவர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கூலி வேலை பார்த்தார். பிள்ளைக்குள் மூத்தவள் இறங்கியிருக்கிறாள், வந்து ஏதாவது செய்யுங்கள் என்று சொல்லிவிட்டேன். பெண்ணாடத்துக்கு அப்பால் ஒரு ஜெபவீட்டில் பிசாசு பிடித்தவர்களைக் கட்டிவைத்து, உபவாசம் போட்டு, பிரம்பால் அடித்து விரட்டுவதாக அவர் சொன்னபோது எனக்குப் பகீரென்றது. ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல என் வாய் எழவில்லை. அவள் போனால் இந்த மாலைகள் முடியும் என்பதுதான் என் மனத்தில் இருந்தது.

இரண்டு நாள் கழித்து, ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னதாக, மாமன் ஜெபவீட்டு ஆள் ஒருவரோடு வந்து நின்றார். அந்த ஆள் கையில் எண்ணெய்க் குப்பியும் சுருட்டிய கயிறும். நான் அழுதுகொண்டே அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "நீ பயந்துட்ட. நானுந்தான் பயந்தேன். நீ போன் பண்ண, நான் பேர் கூப்புட்டேன். அது மட்டுந்தான் வித்தியாசம்," என்றார். வந்தவர்களைப் பெஞ்சியில் உட்கார வைத்தார். பேர் கூப்பிடும் நேரம், முடிந்ததும் பேசலாம் என்றார்.

அக்கா பேர் கூப்பிட ஆரம்பித்தார். இருபத்தேழாவது பேர் வந்தது, இழுத்துத் தூக்கிய அந்தக் குரலும் வந்தது. மாமன் விசுக்கென்று எழுந்துவிட்டார். கரை ஒதுங்கிய மருமகளைத் தன் கையால் புதைத்த மனிதர் அவர். அக்கா அவரைத் திரும்பிப் பார்க்காமல் அடுத்த பேரைக் கூப்பிட்டார். சின்னவள் சுவரைப் பார்த்தாள். இன்னொரு முறை கூப்பிட்டார். பிறகு, என்றைக்குமே செய்யாத காரியமாக, பேர் முடியும் முன்னே பதிவேட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து போனார். அந்தப் பிள்ளையின் எதிரில் தரையில் உட்கார்ந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். தான் தடை போட்ட அந்தச் சின்ன வசனத்தைத் தன் வாயாலேயே சொன்னார். இரண்டாவது சொல்லிலேயே குரல் உடைந்துவிட்டது. வார்டன் அக்கா அழுது நாங்கள் யாரும் அதுவரை பார்த்ததில்லை.

சின்னவள் அந்தக் கண்ணீரை வேடிக்கை பார்ப்பது போலக் கொஞ்ச நேரம் பார்த்தாள். விரலால் தொட்டுக்கூடப் பார்த்தாள். அப்புறம் அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கம்மிய, சிறிய, அவளுடைய சொந்தக் குரல். கடல் வந்த நாளிலிருந்து அழாத பிள்ளை, அக்காவின் மடியில் விழுந்து அழ ஆரம்பித்தாள். ஜெபவீட்டு ஆள் குப்பியைத் திறக்கப் போனார். மாமன்தான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "வாணாம் விடுய்யா. புள்ள அழுவுது. அழுவட்டும்," என்றார். அவரும் அழுதுகொண்டிருந்தார். சின்னவளை விட்டுவிட்டுத்தான் ஊருக்குப் போனார்.

அந்த மே மாதம் வரைக்கும் அக்கா இருபத்தேழாவது பேரைக் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவளுக்காக அந்தச் சின்ன வசனத்தைச் சொன்னோம். சின்னவள் அடுத்த பேருக்குத் தன் குரலில், வேறொரு வசனம் சொன்னாள்.

2012இல் நான் சிதம்பரத்தில் ஒரு விடுதிக்கு வார்டனாக இருந்தேன், இப்போதும் இருக்கிறேன். அக்கா அதற்கு முந்தைய வருஷம் சர்க்கரை நோய் முற்றி இறந்துபோனார். எனக்குக் கொடுக்கச் சொன்னதாக அவர் தம்பி இந்தப் பதிவேட்டைக் கொண்டுவந்து தந்தார். அதைத் திறக்க மனம் வராமல் வைத்திருந்தேன். அந்த ஆண்டு சின்னவள் நர்சிங் படிக்கச் சிதம்பரம் வந்து, என்னைப் பார்க்க வந்தாள். நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். டீ குடித்துக்கொண்டே பழைய கதையெல்லாம் பேசினோம். அன்று நான் போன் செய்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"மிஸ், மறுநாள்லேர்ந்து சொன்னது நான்தான். நான் சொல்லலேன்னா வார்டனம்மா எங்கக்கா பேர கூப்புடறத நிறுத்திடுவாங்கன்னு சொன்னேன். மொத நாளு சொன்னது நான் இல்ல. நான் அப்ப ஹாலுக்குள்ளவே வரல. கெணத்தடியில மொகம் கழுவிக்கினு இருந்தேன். உள்ள எங்கக்கா கொரலு கேட்டுச்சி. ஓடியாந்தேன்."

அவள் போன பிறகு பதிவேட்டை எடுத்து ஜனவரிப் பக்கத்தைத் திறந்தேன். இருபத்தேழாவது பேருக்கு நேராக அந்த நீலக் கோடு. அதற்கு நேர் கீழே, இருபத்தெட்டாவது பேருக்கு, அதே நாளில், சிவப்பில் பெருக்கல் குறி. சின்னவள் ஹாலில் இல்லை என்பதை அக்கா அன்றைக்கே பார்த்திருக்கிறார். மறுநாள் என்னிடம் அவர் சொன்ன குழந்தை எது என்பது ஏழு வருஷம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. பதில் சொன்னது யார் என்று தெரியாமலே, அது யாராயிருந்தாலும் ஆண்டவரின் கையில் இருக்கிற பிள்ளை என்று நம்பி, ஆறு மணிக்குக் கை நடுங்க நடுங்கக் கூப்பிட்டிருக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆனால் இந்த முறை கண்ணை மூடிக்கொள்ளவில்லை.

இங்கேயும் மாலை ஆறு மணிக்குப் பேர் கூப்பிடுகிறேன். கடல் இங்கிருந்து வெகு தூரம். கடைசிப் பிள்ளையும் வசனம் சொல்லி முடித்த பிறகு, பதிவேட்டை உடனே மூடுவதில்லை. மூன்று சொற்கள் சொல்ல ஆகும் நேரம், பேனாவைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்.