முருகேஸ்வரியின் சீட்டுகளும் என் சந்தேகமும்

பச்சை ஏலக்காயும் டீசலும் கலந்து ஒரு வாசனை வரும்... கூடலூரில் காலை ஆறு மணிக்கு ஜீப் கதவைத் திறந்தால் மூக்கில் வந்து உட்காரும். குளித்தாலும் போகாது. கல்யாண மேடையில்கூட மாப்பிள்ளை மேல் அதுதான் அடித்தது என்று என் வீட்டுக்காரி இன்றும் சொல்வாள்.

அப்போது நான் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் டிரைவர். பத்தாம் வகுப்பில் கணக்கு வாத்தியாரால் என் மூளையைச் சமாளிக்க முடியவில்லை, வெளியே வந்துவிட்டேன். இருபத்திரண்டு பேரை ஏற்றிக்கொண்டு குமுளி மலையில் ஒற்றைக் கையால் வளைவு திருப்புவேன். ஒருமுறை எதிரே வந்த யானை என் ஹாரனைக் கேட்டு ஓரமாக ஒதுங்கி வழி விட்டது. சாட்சி கேட்காதீர்கள்.

இன்னொரு திறமையும் உண்டு. யாரையும் நம்ப மாட்டேன். செக்போஸ்டில் நிற்பவர்களுக்குத் தப்பியது என் கண்ணாடிக்குத் தப்பாது.

அந்தக் கண்ணாடியில்தான் முருகேஸ்வரியைப் பார்த்தேன். கீழே ஒரு காலேஜில் எகனாமிக்ஸ், கடைசி வருஷம். ஸ்டடி லீவு. படிக்கிற பிள்ளை வீட்டில் இருக்க வேண்டாமா? அம்மா பேச்சியக்காவோடு தினமும் காய் பறிக்க வந்தது. கையில் புத்தகமே இல்லை. ஆனால் காலேஜில் முதல் மார்க்காம்.

எப்படி...?

மூன்றாவது வளைவு தாண்டியதும் மடியிலிருந்து சின்னச் சின்னச் சீட்டுகளை எடுத்து, பெண்களிடம் ஆளுக்கொன்றாகக் கொடுத்தது. அவர்கள் சுருக்குப்பைக்குள் போட்டுக்கொண்டார்கள். சாயங்காலம் எல்லாம் திரும்ப அதன் கைக்கே வந்தன.

"என்னக்கா சீட்டு அது?"

"ரோட்டப் பாத்து ஓட்டுப்பா," என்றாள் பேச்சியக்கா.

போதுமே எனக்கு. பிட்டுதான், வேறென்ன. அன்று சாயங்காலமே டீக்கடையில் என் மச்சான் ராசுவிடம் சொல்லிவிட்டேன். அவன் அதே காலேஜில் ஆபீஸ் அட்டெண்டர். நான் பார்த்தது எட்டுச் சீட்டு. சொன்னது அரை மூட்டை.

மறுநாள் மலையேறும்போது காற்றில் ஒரு சீட்டு பறந்து என் காலடியில் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். ஒரு வரிக் கேள்வி. அவ்வளவுதான்.

"பதில் எங்கக்கா?"

"அவ வாயில இருக்கு," என்றாள் பேச்சியக்கா. "எங்களுக்கு எழுத்து தெரியாதுப்பா. காய் பறிக்கயில எவளாச்சும் ஒரு சீட்ட நீட்டுவா. இவ வாசிச்சுட்டு மடமடனு பதில் சொல்லணும். திக்குனா அன்னைக்கு எங்க தூக்குச்சட்டி பூராம் இவதான் கழுவணும்."

"சொல்றது உங்களுக்குப் புரியுமாக்கா?"

"எகனாமிக்ஸு எங்களுக்கு எங்கன புரியுது? ஆனா தெரியாம அளக்குறவுக எந்த எடத்துல திக்குவாகனு தெரியும்ல. நீ யானைக் கதை சொல்லயில எத்தன தடவ திக்குனேனு எண்ணி வச்சுருக்கோம்."

ஜீப்பே சிரித்தது. எனக்கு மட்டும் டீக்கடையில் அளந்த அரை மூட்டை ஞாபகம் வந்தது.

இறங்கியதும் நேராக ராசுவிடம் ஓடினேன்.

"மச்சான், நேத்துச் சொன்னது சும்மா."

"ஏலே, நான் பிரின்சிபால் சாரு காதுல போட்டுட்டேனே. நாளைக்குப் பரீட்சையில பறக்கும் படை நேரா அவகிட்டத்தான் போகுது. துண்டுப் பேப்பரு இருந்தாலும் கேஸ் எழுதிருவாக மாப்ள. மூணு வருசம் பரீட்சைப் பக்கமே வர முடியாது."

மூன்று வருஷம். அப்புறம் அந்தப் பிள்ளைக்கு ஏலக்காடுதான்.

மறுநாள் ஜீப்பை எடுக்கவில்லை. காலேஜ் வாசலில் போய் நின்றேன். முருகேஸ்வரி பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கையில் அந்தச் சீட்டுக் கட்டு.

"அதக் குடு பாப்பா. இன்னைக்கு நான் கேக்குறேன், நீ சொல்லு."

"நீங்களாண்ணே?"

ஒவ்வொன்றாகக் கேட்டேன். எனக்கு ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. ஒரு இடத்திலும் அது திக்கவில்லை. பெல் அடித்ததும் மொத்தத்தையும் என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "முடிச்சுட்டு வந்து வாங்கிக்க" என்று அனுப்பிவிட்டேன். மூன்று மணி நேரம் வேப்பமரத்தடியில் நின்றேன்... திருட்டுப் பொருளோடு நிற்பவன் மாதிரி.

வெளியே வந்தபோது முகம் வாடியிருந்தது.

"என்னைய மட்டும் சோதிச்சாகண்ணே. பேனா மூடியக்கூடக் கழட்டிப் பாத்தாக. கால் மணி நேரம் போச்சு. கடைசிக் கேள்வி பாதிதான் எழுதுனேன். யாரு சொன்னாகனே தெரியல."

"எவனாச்சும் பொறாமை புடிச்சவனா இருப்பான்," என்றேன்.

திக்காமல்.

ரிசல்ட் வந்தது. இரண்டாவது ரேங்க். அந்தப் பாதிக் கேள்வி எங்கே போனது என்று எனக்குத் தெரியும்.

போன மாதம் என் மகள் படிக்கிற காலேஜில் ஒரு விழா. ரேங்க் எடுத்த பிள்ளைகள் மேடையேறி எப்படிப் படித்தோம் என்று பேசினார்கள். ஒருத்தர் விடிகாலை நாலு மணி என்றார். ஒருத்தர் கலர் கலராக டைம் டேபிள் என்றார். ஒருத்தர் ஏதோ ஆப். ஒருவரும் திக்கவில்லை. மனப்பாடம் என்று எனக்குச் சந்தேகம்.

கடைசியில் சீஃப் கெஸ்ட் எழுந்தார். புரொபசர் முருகேஸ்வரி.

"பரீட்சையன்று வாசல்வரை வந்து என்னைக் கேள்வி கேட்டு அனுப்பிய ஒரு ஜீப் டிரைவர் அண்ணன் உண்டு" என்று சொல்லி, வாசலிலேயே பார்த்து அடையாளம் கண்டிருந்த என்னைக் கூட்டத்தில் தேடினார். ஹால் முழுக்கக் கைதட்டல். நானும் எழுந்து கும்பிட்டேன். பின்னே?

இப்போது என் மகள் காதில் இயர்போனோடு படிக்கிறாள். கேள்வியை என்னிடம் கொடு, நான் கேட்கிறேன் என்றால் சிரிக்கிறாள்.

"ஆப்லயே டெஸ்ட் இருக்குப்பா. தப்புனா செவப்பு காட்டும்."

"திக்குனா என்ன காட்டும்?"

அந்தக் காலத்தில் ஒரு ஜீப் நிறைய ஆள் இருந்தது அதைக் கண்டுபிடிக்க.

முருகேஸ்வரியிடமிருந்து போன வாரம் எனக்கு ஃப்ரெண்ட் ரிக்வெஸ்ட். இன்னும் தொடவில்லை. இதைப் போஸ்ட் பண்ணிவிட்டுத்தான் அக்செப்ட் பண்ணவேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

பேச்சியக்காவுக்கு மகள் முருகேஸ்வரி இதை வாசித்துக் காட்டுவாள். யானை வருகிற இடத்தில் அக்கா சிரிக்கும். வேப்பமரத்தடியில் நான் திக்காத இடம் வந்ததும் சிரிப்பு நிற்கும் என்று நினைக்கிறேன்.