ஆளுக்குப் பாதி நன்மை

ஐந்து வருடத்தில் ஏழு வேலை மாறியவள் நான். எழுபதுகளின் சிங்கப்பூரில் அது ஒன்றும் பெரிய சாதனை இல்லை. தொழிற்சாலை வாசல்களில் எல்லாம் ஆள் தேவை என்று பலகை தொங்கிய காலம். ஒரு சூப்பர்வைசர் முறைத்தால் மறுநாள் அடுத்த கேட்டில் போய் நின்றால் போதும். ஓர் இடத்தில் சட்டைக் காலர் தைத்தேன். இன்னோர் இடத்தில் பிஸ்கட்டை டின்னில் அடுக்கினேன். கடைசியில், மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு தலைமுடியைவிட மெல்லிய கம்பியை ஒட்டும் வேலை. எங்கே போனாலும் கழுத்துதான் வலித்தது.

"ஒரு இடத்துல கால் தரிக்காதா ஒனக்கு?" என்று அம்மா கேட்பாள். அந்தக் கேள்வியை அவள் அப்பாவிடம் கேட்டிருக்க வேண்டும். அப்பா வெள்ளைக்காரனின் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். வெள்ளைக்காரன் மூட்டை கட்டியபோது அவரும் கட்டினார். ஊரில் ஒரு வீடு போட்டுவிட்டு எங்களைக் கூப்பிட்டுக்கொள்வதாகச் சொன்னார். வீட்டைப் போட்டார். அதில் வேறொரு குடும்பம் இருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

தளத்துக் குடியிருப்பைக் காலி செய்துவிட்டு நானும் அம்மாவும் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், மிளகாய் அரைக்கும் கடைக்கு மேலே, பலகைத் தடுப்புப் போட்ட ஓர் அறைக்கு வந்தோம். நாள் முழுக்கத் தும்மிக்கொண்டே இருப்போம். அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. காலில் ஆறாத புண். செங்குத்தான மரப்படியில் இறங்க முடியாமல் அவள் மேலேயே இருந்துவிட்டாள். வெள்ளிக்கிழமைதோறும் காளி கோயிலுக்கு நான்தான் போக வேண்டும். பிரசாதத்தை இலையோடு மடித்துக் கொண்டுவந்து கொடுப்பேன். அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிட்டு, ஆளுக்குப் பாதி என்று எனக்கும் தருவாள். கோயிலுக்குப் போய்விட்டு வெறுங்கையோடு வருவது எங்கள் வீட்டில் கிடையாது.

எனக்குச் சாமியில் நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால், வேலையில் இருந்த அளவுக்குத்தான் இருந்தது. கொஞ்ச நாள் பகுத்தறிவுப் படிப்பகம் ஒன்றுக்குப் போனேன். சாமி இல்லை என்று சொல்ல அவர்கள் எடுத்துக்கொண்ட நேரம் சாமியையே சலிக்க வைத்துவிடும். பிறகு, கித்தார் வாசித்து ஆங்கிலத்தில் ஜெபிக்கும் ஒரு கூட்டம். அங்கே எல்லாரும் சதா சிரித்துக்கொண்டே இருந்தார்கள். எட்டு மணி நேர ஷிஃப்ட் முடித்தவளுக்கு அவ்வளவு சிரிப்பு தாங்கவில்லை. நடுநடுவே கதை எழுதினேன். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் இரண்டு மூன்று வந்தன. எல்லாக் கதையிலும் கடைசிப் பத்தியில் யாராவது ஒருவர் செத்துப்போவார். எப்படி முடிப்பதென்று தெரியாததால்தான் சாகடித்தேன்.

மைக்ராஸ்கோப் வேலையில் என் பக்கத்து நாற்காலிக்காரி ஒரு கத்தோலிக்கப் பெண். நல்லவள், கொஞ்சம் வாயாடி. ஒருநாள், "ஞாயித்துக்கெழம எங்க மாதா கோயிலுக்கு வாயேன், தமிழ்ப் பூச இருக்கு. நல்லா பாடுவோம்லா" என்றாள். எங்கள் சந்திலிருந்து நடக்கிற தூரம்தான். சும்மா போனேன்.

என்மேல் என்ன குற்றம் சொல்வது? கோயில் என்றார்கள், பூசை என்றார்கள், பூசை வைப்பவரைச் சாமியார் என்றார்கள். பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டிருந்தார்கள். சாம்பிராணி வாசனை வந்தது. உட்காரப் பெஞ்சு இருந்ததுதான் ஒரே வித்தியாசம். அந்தப் பெஞ்சு எனக்குப் பெரிய விஷயம். கடவுளைத் தேடி நான் அங்கே போகவில்லை. சாய்ந்து உட்கார ஓர் இடம் கிடைத்தது, உட்கார்ந்துவிட்டேன்.

தோழி மாடியில் பாடகர் குழுவோடு இருந்தாள். ஏறிப் போகும் முன், "நன்மை வாங்கிட்டுக் கீழ வர்றேன், வாசல்ல நில்லு" என்று சொல்லியிருந்தாள். நன்மை என்றால் என்னவென்று நான் கேட்கவில்லை. நன்மை வேண்டாம் என்று யார் சொல்வார்? எல்லாரும் எழுந்து வரிசையில் போனபோது நானும் போனேன். சிலர் நாக்கை நீட்டினார்கள், சிலர் கையை நீட்டினார்கள். நான் பழக்கப்படி இடது கைமேல் வலது கையை வைத்து ஏந்தினேன். சாமியார் ஒரு கணம் என் கையைப் பார்த்தார். பிறகு, வட்டமாக, வெள்ளையாக, மெல்லிசாக ஒன்றை வைத்தார். அதைத் தின்னாமல் கைக்குட்டையில் மடித்துக்கொண்டு, தோழிக்காகக்கூட நிற்காமல், உடையுமோ என்ற பயத்தில் மெதுவாக நடந்து வீட்டுக்கு வந்தேன்.

"மாதா கோயில் பிரசாதம்மா."

அம்மா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிட்டாள். சத்தமே இல்லாமல் உடைந்தது. ஒரு பாதியை எனக்குக் கொடுத்துவிட்டு மற்றதை வாயில் போட்டுக்கொண்டாள்.

"உப்பு போட மறந்துட்டாங்க" என்றாள்.

மறுநாள் ஷிஃப்டில் இதைச் சொன்னபோது தோழி கையிலிருந்த இடுக்கியைக் கீழே போட்டுவிட்டாள். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். அழுதேவிட்டாள். அது பிரசாதம் இல்லை, ஆண்டவரின் உடல், ஞானஸ்நானம் பெற்றவர்கள்தான் வாங்கலாம், வாங்கினால் அங்கேயே உட்கொள்ள வேண்டும், வெளியே கொண்டுபோகக் கூடாது என்றெல்லாம் விக்கி விக்கிச் சொன்னாள். எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. முதலிலேயே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன? ஆனால் மத்தியானம் சோறு இறங்கவில்லை. யாரோ ஒருவருடைய வீட்டுக்குள் போய் அவர்கள் மிகவும் மதிக்கிற ஒன்றைத் தெரியாமல் எடுத்து வந்துவிட்ட கூச்சம்.

மன்னிப்புக் கேட்கத்தான் சாமியாரிடம் போனேன். அவர் வயதான வெள்ளைக்காரர். பாண்டிச்சேரிப் பக்கம் தமிழ் படித்தவர். பாடப்புத்தகம் மாதிரிப் பேசுவார். 'ழ' மட்டும் எங்களைவிட நன்றாக வரும். திட்டப் போகிறார் என்று தயாராக நின்றேன்.

"துணுக்கு ஏதாவது கீழே சிந்தியதா?" என்று கேட்டார்.

"இல்ல ஃபாதர். ஆளுக்குப் பாதி சாப்பிட்டுட்டோம்."

"இனிமேல் அப்படிச் செய்யாதீர்கள்" என்றார். பிறகு, அந்த மின்விசிறியைக் கொஞ்சம் வேகமாக வைக்க முடியுமா என்றார். அவ்வளவுதான். வைத்துவிட்டு வந்தேன். திட்டியிருந்தால் நான் திரும்பிப் போயிருக்கவே மாட்டேன்.

ஞாயிறு மாறி ஞாயிறு போனேன். வரிசை நகரும்போது பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பேன். அந்த மனிதர் சாயங்காலப் பூசையும் வைப்பார் என்று தெரிந்ததும், காலை ஷிஃப்ட் வாரங்களில் சாயங்காலமும் போனேன். பத்துப் பேர் இருந்தால் அதிகம். மனுஷர் களைத்திருப்பார். அதே வார்த்தைகள், அதே கையசைப்பு. சில நாள் குரலே எழும்பாது. அலுக்காமல் எப்படிச் செய்கிறார் என்று முதலில் யோசித்தேன். அவருக்கும் அலுத்தது என்பது பிறகுதான் புரிந்தது. அலுத்தும் செய்தார். அலுத்ததும் அடுத்த கேட்டுக்குப் போய் நிற்கிற எனக்கு, அது யாரும் சொல்லாத சேதி. என்னைக் கத்தோலிக்கச்சி ஆக்கியது எது என்று யாராவது கேட்டால் அதிசயம் எதையும் என்னால் காட்ட முடியாது. ஒரு கிழவரின் களைப்பைத்தான் காட்ட முடியும்.

இதற்கெல்லாம் எத்தனையோ வருடம் பிடித்தது. ஞானோபதேச வகுப்பில் சேர்ந்தேன், பாதியில் விட்டேன். ஒன்றரை வருடம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. மறுபடி சேர்ந்தேன். வகுப்பில் பாவசங்கீர்த்தனம் என்ற சொல்லைக் கேட்டுவிட்டு, எல்லாரும் உட்கார்ந்து பாட்டுப் பாடுவார்கள் என்று நினைத்து மானம் போனது. சாமியாரிடம் தனியாகப் போய்ப் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்பதாம் அது. இதற்குள் எங்கள் சந்து வீடுகளை இடிக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. தோ பாயோவில் வீடு கொடுத்தார்கள். ஏழாவது மாடி. லிஃப்டோ ஆறிலும் பத்திலும்தான் நிற்கும். ஒரு மாடிப் படி அம்மாவுக்கு ஏழு மாடிக்குச் சமம். மரப்படிக்கு மேலே இருந்தவள் சிமெண்டுப் படிக்கு மேலே இருந்தாள். சாங்கி விமான நிலையம் திறந்த புதிதில் சரக்குப் பிரிவில் எனக்கு வேலை கிடைத்தது. அதை மட்டும் நான் விடவில்லை. நான் மாதா கோயிலுக்குப் போகத் தொடங்கியிருந்ததால், வெள்ளிக்கிழமைப் பிரசாதத்தைப் பக்கத்து வீட்டு அக்காதான் தோ பாயோ கோயிலிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார்.

ஞானஸ்நானம் வாங்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்ல மூன்று மாதம் ஆனது. துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"பேர மாத்துவாங்களா?"

"ஒண்ணு சேப்பாங்க."

"சேத்துக்க. நான் வச்ச பேரச் சொல்லித்தான் கூப்புடுவேன்" என்றாள். பிறகு, "அங்க போனா எனக்குச் சோறு போடக் கூடாதுன்னு சொல்லுவாங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். சரி என்றாள். நான் எங்கே போய்விடுவேனோ என்பதுதான் அவள் பயம். அப்பா போனதும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான்.

ஒரு ஞாயிறு காலை என் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். அன்றே புது நன்மையும் வாங்கினேன். இந்த முறை இடது கை மேலே, வலது கை கீழே. அங்கேயே நின்று உட்கொண்டேன். உப்பில்லை. அம்மா சொன்னது சரிதான். அழுதேன். சந்தோஷமா என்று சொல்லத் தெரியவில்லை. ரொம்ப தூரம் நடந்து வந்து உட்கார்ந்தவளின் அழுகை.

வீட்டுக்கு வந்தால், அம்மா குளித்து, வெளியே போகும்போது கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் ஏந்தினாள்.

"குடு."

"என்னம்மா?"

"அன்னைக்கிக் கொண்டாந்தியே, உப்பில்லாம. நன்மை."

வகுப்பில் கற்றதையெல்லாம் சொன்னேன். கொண்டுவரக் கூடாது, சேர்ந்தவர்களுக்குத்தான் தருவார்கள், வேண்டுமானால் நீயும் சேரலாம், ஃபாதரே வீட்டுக்கு வந்து சொல்லித்தருவார் என்றேன்.

"எனக்கு மாற வேணாம்" என்றாள். கை இன்னும் இறங்கவில்லை. "கோயில் ஒன்னோடது இல்லாதப்ப எனக்குக் கொண்டாந்து குடுத்த. ஒன்னோடது ஆனதும் வெறுங்கையோட வர்ற."

அம்மா மெதுவாகக் கையை இறக்கினாள். மேசைமேல் ஒரு கிண்ணம் மூடியிருந்தது. காலையில் கோயிலில் ஏதோ விசேஷம் என்று பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த சர்க்கரைப் பொங்கல். அதை எடுத்து, கண்ணில் ஒற்றி, கரண்டியால் நடுவே ஒரு கோடு போட்டு, என் பக்கம் தள்ளினாள்.

"எங்க சாமிக்கு அந்த ரூல்ஸ் எல்லாம் கெடையாது. சாப்புடு."

நான் கத்தோலிக்கச்சியாகி மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. வேற சாமிக்குப் படைத்ததைத் தொடக் கூடாது என்று வகுப்பில் ஒரு அக்கா சொன்னது தலைக்குள் மணி மாதிரி அடித்தது.

"நான் சாப்பிடக் கூடாதும்மா" என்றேன்.

அம்மா கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து, அவள் பாதியைச் சாப்பிட்டாள். பிறகு என் பாதியையும் சாப்பிட்டாள். சர்க்கரை வியாதிக்காரி. நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஐந்து நிமிடம் நினைவுக்கு வந்தால் இப்போதும் எனக்கு என்மேல் ஆத்திரம் வரும்.

அடுத்த மாதம் என்னுடைய முதல் பாவசங்கீர்த்தனம். பட்டியலில் இருந்த பொய், கோபம் எல்லாம் சொல்லி முடித்த பிறகு, "அம்மா குடுத்தத நான் சாப்பிடல, ஃபாதர்" என்றேன். என்ன கொடுத்தார்கள் என்று கேட்டார். சொன்னேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் தூங்கிவிட்டாரோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன்.

"அன்று பாதி அப்பத்தை உங்களுக்குக் கொடுத்தார்களே, அதே அம்மாவா?"

"ஆமா ஃபாதர்."

"வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்கள். அதுதான் உங்களுக்கு அபராதம்."

பத்தாவது மாடியில் இறங்கி மூன்று மாடி கீழே நடந்தேன். ஏன் ஆறில் இறங்கவில்லை என்று தெரியவில்லை. அம்மா ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அந்தப் பொங்கல் இருக்கா?"

"அது போன மாசம்டி" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு ரேடியோவை அணைத்தாள். "யாரு அனுப்புனது ஒன்ன?"

"ஃபாதர்தான்."

"அந்தக் கெழவரா?" கொஞ்சம் யோசித்தாள். "வெள்ளிக்கெழம வரைக்கும் பொறுத்துக்க."

வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு அக்கா சுண்டல் கொண்டுவந்தார். அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டு பாதியை எனக்குத் தந்தாள். சாப்பிட்டேன். அவள் இருந்த வரைக்கும் எல்லா வெள்ளியும் சாப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கோயிலிலிருந்து திரும்பி வரும்போது அவள் கதவைத் திறப்பாள், சாப்பிட்டியா என்று கேட்பாள். என் கையை மட்டும் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.