எந்த முட்டி?

நான் ஒரு நாளும் பந்தை உதைத்தவன் இல்லை. ஆனால் அரையிறுதி ஆட்டம் வந்துவிட்டால் மந்தாரக்குப்பம் டீக்கடையில் என் வாய் ஓயாது. அந்த ஆண்டு எங்கள் சுரங்கத் தொழிலாளர்களின் மைன்ஸ் அணிக்கு எதிரே மின் நிலையத் தொழிலாளர்களின் பவர் ஹவுஸ் அணி. இடப்பக்கம் தடுத்து ஆடும் அவர்களுடைய லெஃப்ட் பேக்கைத் தாண்டி யாரும் போனதில்லை. அவன் பயிற்சியை இரண்டு நாள் வேலியோரம் நின்று பார்த்தேன். பிறகு எங்கள் ஆட்டக்காரர்களுக்கு, மேசையில் சிந்திய டீயில் கோடு போட்டுக் காட்டினேன்.

"அவனுக்கு முட்டி போயிடுச்சு. மறைச்சிக்கினு ஆடறான். பந்தை அவன் பக்கமே போட்டுக்கினு இருங்க."

பக்கத்து பெஞ்சில் இருந்தவர் மெதுவாகக் கேட்டார். "எந்த முட்டிங்க?"

"இடதுங்க," என்றேன், பெருமையாக.

கேட்டவர், அந்த லெஃப்ட் பேக்கைக் காண்ட்ராக்ட் வேலையில் வைத்திருந்த மேஸ்திரி. பர்மனென்ட் ஆக்குவதற்கான உடல் பரிசோதனைக்கு அவன் பெயர் போயிருந்ததாம். மறுநாளே பெயரை அடித்து, ஆளையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

ஆட்டத்தன்று அவன் இடத்தில் வேறொருவன் நின்றான். அவனுக்கு இரண்டு முட்டியும் நல்ல முட்டி. தோற்றோம்.

அவன் வேலை போன விஷயம் அன்று காலையிலேயே எனக்குத் தெரியும். ஆனாலும் வீடு திரும்பும் வழியெல்லாம், என் திட்டம் வீணாகிவிட்டதே என்றுதான் புலம்பிக்கொண்டு வந்தேன்.