வெல்லமும் சுண்ணாம்பும் பூசிய ஐஸ் பெட்டி

“ஐஸ், மூட்டை ஒன்று. திருச்சிராப்பள்ளியிலிருந்து அரியலூர். நனைந்த நிலையில் ஒப்படைக்கப்பட்டது.”

என்னிடம் இருக்கும் ரயில்வே பார்சல் ரசீது ஒன்றில் இவ்வளவுதான் எழுதியிருக்கிறது. மாதமும் வருஷமும் படிக்க முடிகிறது: மே, 1946. தேதி இருந்த இடத்தில் ஈரம் பட்டு ஊதா மை பரவிவிட்டது. தேதி தெரியாத காகிதத்தை வைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்காது. இதை மட்டும் எறியவில்லை. ஆண்டவர் விண்ணுக்கு எழுந்த ஆரோகணத் திருநாளுக்கு முந்திய ஏதோ ஒரு நாள் என்பது வரைக்கும் நிச்சயமாகச் சொல்லலாம். ஏனென்றால் அந்தத் திருநாளன்று நாங்கள் பூசை முடிந்து வீடு திரும்பியபோது ஐஸ் பெட்டி மறுபடியும் ஒழுகிக்கொண்டிருந்தது. அது ஒழுகாமல் இருந்த கொஞ்ச நாட்களில் வந்த ஐஸுக்கான ரசீது இது.

அப்போது நான் அரியலூரில் ஒரு பெண்கள் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை. என் கணவர் ஊருக்கு வெளியே சுண்ணாம்புக்கல் சுடும் காளவாய் வைத்திருந்தார். அவருடைய அப்பாவும் அதே தொழில்தான். வீட்டில் நாங்கள் இருவர் மட்டுமே. முந்தின வருஷம் அவருக்கு நீரிழிவு என்று திருச்சி டாக்டர் சொன்னார். வயதானவர்களுக்கு வந்து பல காலம் கூடவே இருக்கும் வகை அல்ல. உடம்பு மாதத்துக்கு மாதம் கரைந்து, வேட்டி இடுப்பில் நிற்காமல் போன வகை. தினமும் இன்சுலின் ஊசி போட்டால் உயிர் தங்கும், இல்லாவிட்டால் தங்காது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

யுத்தம் முடிந்திருந்தும் மருந்து நினைத்தபோது கிடைக்காது. கிடைக்கும்போது சில குப்பிகளாகச் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அப்படி வைத்துக்கொள்வதில்தான் தொல்லை. “குளிர்ச்சியா இருக்கணும்மா. உறைஞ்சும் போகக் கூடாது. சூட்டுல கெடந்தா அப்புறம் அது வெறும் தண்ணி” என்றார் டாக்டர்.

முதலில் ஈர மணல் நிரப்பிய பானையில் வைத்துப் பார்த்தோம். காலையில் பானை சில்லென்று இருக்கும். மத்தியானம் கையை விட்டால் மணல் வெதுவெதுவென்று இருக்கும். தினமும் காலையில் சோதனைக் குழாயில் டாக்டர் கொடுத்த நீல மருந்தை ஊற்றி, அவருடைய சிறுநீரில் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவேன். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சையானால் பரவாயில்லை. மஞ்சள் மோசம். செங்கல் நிறம் வந்தால் அன்றைக்கு வீட்டில் நாங்கள் அதிகம் பேசிக்கொள்ள மாட்டோம். சுவர்க் காலண்டரில் அந்தந்தத் தேதிக்குக் கீழே நிறத்தை எழுதிவைப்பேன். அவர் தாண்டிப் போகும்போது எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னைக்கு நமக்குச் செங்கச் சூளைதான் போலருக்கு” என்பார்.

அந்த வருஷத் தவக்காலத்தில் பெரம்பலூரில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் பங்களாவைக் காலி செய்துகொண்டு சீமைக்குப் புறப்பட்டது. சாமான்களை விற்றார்கள். அதில் ஒரு ஐஸ் பெட்டியை நாங்கள் வாங்கினோம். பீரோ போல நிற்கும் தேக்குப் பெட்டி அது. மேலறையில் ஐஸ் கட்டியை வைத்தால் குளிர் கீழறைத் தட்டுகளுக்கு இறங்கும். உருகும் தண்ணீர் பின்பக்கக் குழாய் வழியாக அடியில் வைத்த தாம்பாளத்தில் விழும். உள்ளே முழுக்கத் துத்தநாகத் தகடு. தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் குளிர் போகாமல் இருக்க மரத்தூள் அடைத்திருந்தார்கள். திருச்சியிலிருந்து வாரம் இரண்டு தடவை பாசஞ்சர் வண்டியில் ஐஸ் வரவழைக்க ஏற்பாடு செய்தோம். சாக்கில், உமிக்கு நடுவில் வரும். ஸ்டேஷன் போர்ட்டர் தலையில் சுமந்து வருவார். தெரு நெடுகிலும் தண்ணீர்க் கோடு விழும்.

பெரம்பலூரிலிருந்து பெட்டியை மாட்டுவண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். அந்தப் பாதையின் குண்டு குழிகளில் தகட்டின் மூலை இணைப்பு விட்டதா, விற்றவர்களிடம் இருந்தபோதே விட்டிருந்ததா, தெரியாது. குருத்தோலை ஞாயிறு வாக்கில் முதலில் கவனித்தேன். மேலறைத் தண்ணீர் குழாய் வழியாகப் போகாமல், பின் மூலையிலிருந்து கீழ்த்தட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. அதைவிட மோசம், மரத்தூள் நனைந்துவிட்டது. நனைந்த தூள் குளிரைப் பிடித்து வைக்காது. அடுத்த மூட்டை வரும்வரை நிற்க வேண்டிய ஐஸ் மறுநாளே தண்ணீரானது.

முதல் வைத்தியம் நான் செய்தேன். வீட்டுப் பீடத்தில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளை உருக்கி மூலையில் ஊற்றினேன். ஐஸ் வைத்ததும் மெழுகு சுருங்கி, ஓடு மாதிரி பெயர்ந்து வந்துவிட்டது.

இரண்டாவதாகக் கடைத்தெருவில் ஈயம் பூசும் பாயைக் கூப்பிட்டோம். கரி அடுப்பும் ஈயம் பற்றவைக்கும் கோலும் கொண்டுவந்து, குனிந்து தலையை மேலறைக்குள்ளேயே விட்டுப் பார்த்தார்.

“என்னா பாய், உள்ளயே குடி போயிட்டீங்களா?” என்றார் என் கணவர்.

“குளுகுளுன்னு நல்லாத்தான் இருக்கு. வெளிய வர மனசில்லண்ணே.”

பற்றவைத்தார். தகடு மெலிது. மூலையில் நான் ஊற்றிய மெழுகு வேறு ஒட்டிக்கொண்டிருந்தது. ஈயம் உருண்டு உருண்டு ஓடியதே தவிரப் பிடிக்கவில்லை. இரண்டாம் தடவை சூட்டை அதிகப்படுத்தியபோது உள்ளே தூள் கருகும் வாசனை வந்தது. பாய் பதறித் தண்ணீரை ஊற்றினார். பார்த்தால் ஓட்டை பெரிதாகியிருந்தது.

“தகட்டைக் கழட்டி வெளிய எடுத்துப் பண்ணாத்தான் சரிப்படும்ணே. தூளையும் கொட்டி வெயில்ல காயவைக்கணும்.”

“கழட்டுனா திரும்பப் பொருந்துமா?”

“அல்லா மேல பாரத்தப் போட்டு முயற்சி பண்ணலாம்.”

“உங்க அல்லாவையும் எங்க மாதாவையும் இதுக்குள்ள இழுக்க வேணாம் பாய். நீங்க போயிட்டு வாங்க. நம்ம கையிலயே மருந்து இருக்கு.”

அவர் மருந்து என்று சொன்னது சுண்ணாம்பை. எங்கள் பக்கத்தில் தண்ணீர் நிற்க வேண்டிய எதற்கும் சுண்ணாம்புதான். மாடித் தளம், தொட்டி, மதகு, கிணற்றுத் தொடி, எல்லாமே. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பையும் பொடி மணலையும் சேர்த்து அரைத்துப் பூசினால் சொட்டு இறங்காது. காளவாய்க்காரர் வீட்டில் ஒரு பெட்டி ஒழுகுகிறது என்றால் வேறு எதை நினைக்க முடியும்? அவருக்கு மட்டுமல்ல, பார்க்க வந்த அக்கம்பக்கத்தார் எல்லாருக்கும் அதே எண்ணம்தான். “இத்தன நாளு ஏன் பூசாம வச்சிருந்தீங்க?” என்றுதான் கேட்டார்கள்.

“தகட்டுல ஒட்டுமாங்க?” என்று என் கணவரிடம் கேட்டேன்.

“டீச்சரம்மா, சோழபுரத்துக் கோயிலே இதுலதான் நிக்குது.”

“அது கருங்கல்லுங்க.”

“கல்லுக்கு நடுவுல?”

எனக்குத் தெரியவில்லை. வீட்டில் அவர் கண்ணில் படாமல் மறைத்துவைத்திருந்த வெல்லத்தை அவரே தேடி எடுத்துவந்தார். நாலைந்து மாதமாக அதைத் தொட்டதில்லை. உடைத்துத் தண்ணீரில் போட்டு, கையை விட்டுக் கலக்கினார். நான் அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நக்கிராதீங்க.”

“நக்குனா நாக்கு வெந்துடும், பக்கத்துலயே சுண்ணாம்பு கெடக்கு.” சிரித்தார். “எனக்குத்தான் ஆவாது. இந்தப் பெட்டியாவது தின்னுட்டுப் போவட்டும்.”

மேலறை முழுவதையும், மூலைகளில் விரல் கனத்துக்கும் மற்ற இடங்களில் மெலிதாகவும், அவரே பூசினார். பூசி முடிக்கும்போது மூச்சு வாங்கியது. ஈரச் சாக்குப் போட்டு ஆறவிட்டோம். அதுவரை குப்பிகள் மறுபடியும் மணல் பானைக்குப் போயின. பிறகு ஐஸ் வரவழைத்தோம். அந்த மூட்டையின் ரசீதுதான் நான் முதலில் சொன்னது.

சொட்டவில்லை. கீழ்த்தட்டைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். துணி உலர்ந்தே இருந்தது. தூள் இன்னும் ஈரம்தான் என்பதால் ஐஸ் முன்பு போல நிற்கவில்லை. ஆனாலும் குப்பிகள் சில்லென்று இருந்தன. காலண்டரில் பச்சை என்று எழுதினேன். ஒரு நாள் நீலம் என்றுகூட எழுதியிருக்கிறேன். அன்றைக்கு அவர் காளவாய்க்கு நடந்தே போனார். சாயங்காலம் திரும்பி வந்து பெட்டியைத் தட்டி, “வெல்லத்துக்கு விசுவாசமா இருக்கு பாரு” என்றார்.

ஆரோகணத் திருநாளன்று கதவைத் திறந்தபோது கீழ்த்தட்டில் பால் போன்ற வெள்ளைத் தண்ணீர் தேங்கியிருந்தது. மூலையில் மட்டுமல்ல, மேலறை அடித்தகடு முழுவதிலுமே ஊசித் துளைகள். பூச்சு பெயரவில்லை. அதற்கு அடியில் இருந்த தகடுதான் அரித்துப்போயிருந்தது. ஈரச் சுண்ணாம்பு துத்தநாகத்தைத் தின்னும் என்று பல வருஷம் கழித்து ஒரு ரசாயனப் புத்தகத்தில் படித்தேன். அன்றைக்கு எங்கள் ஊரில் அதை யார் சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பார்கள்.

குப்பிகளில் ஒட்டியிருந்த காகிதங்கள் எல்லாம் கழன்று அந்தத் தண்ணீரில் மிதந்தன. எந்தக் குப்பி பழையது, எது புதியது, எதில் வீரியம் கூடுதல், எதில் குறைவு என்று அந்தக் காகிதங்களில்தான் அச்சடித்திருந்தது. இப்போது எல்லாம் ஒன்றுபோலக் கண்ணாடியும் ரப்பர் மூடியும். அவற்றைத் துடைத்து மேசையில் நிறுத்தினேன். உயரத்தை வைத்தும், மருந்து குறைந்திருந்த அளவை வைத்தும் ஊகித்து, பழையவை என்று நினைத்தவற்றுக்குச் சிவப்பு நூலும், புதியவை என்று நினைத்தவற்றுக்கு வெள்ளை நூலும் கட்டினேன். அவர் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “என் தலையெழுத்துக்கும் ஒரு நூலு கட்டிவுடு” என்றார். அந்த ஒரு தடவை எங்கள் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

மறுபடியும் பாயைக் கூப்பிட்டு, இந்தத் தடவை தகட்டைக் கழற்றச் சொன்னோம். கழற்றினார். பின்னால் மரத்தூள் கறுத்து, களியாகி, முடை நாற்றம் அடித்தது. தகட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். சல்லடை மாதிரி இருந்தது.

“எதுலண்ணே ஈயத்தப் பிடிக்க வைக்கிறது?” என்றார். புதுத் தகடு திருச்சியில்கூட அப்போது கிடைக்காது என்று பாய்க்கும் என் கணவருக்கும் தெரியும். பாய் கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சல்லடைத் தகட்டையே திரும்பப் பொருத்தி, அடியில் ஒரு வாளி வைத்து, ஐஸ் போட்டுக்கொண்டிருந்தோம். ஐஸ் வரத்தை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் என்ன அர்த்தம் என்று இருவரும் வாய்விட்டுச் சொல்லவும் இல்லை.

அதன் பிறகு காலண்டரில் ஒரே நிறம்தான். ஊசியின் அளவைக் கூட்டினேன். வெள்ளை நூல் குப்பிகளிலிருந்தே எடுத்தேன். செங்கல் நிறம் மாறவில்லை. திருச்சி மருந்துக் கடையில் கேட்டனுப்பினால், வந்ததும் சொல்கிறோம் என்று பதில் வந்தது. ஆனி பிறந்ததும் அவருக்கு வாந்தி கண்டது. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் நாக்கு உலர்ந்தே கிடந்தது. மூச்சில் பழம் கனிந்த வாசனை வந்தது. அது நினைவு தப்புவதற்கு முந்திய அறிகுறி என்று டாக்டர் முன்பே என்னிடம் சொல்லி வைத்திருந்தார். மறுநாள் காலை வண்டியில் அவரைத் திருச்சிக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்தேன். விடிந்தபோது அவருக்கு நினைவில்லை. வண்டி வருவதற்கு முன்பே மூச்சு நின்றுவிட்டது.

எதிர்த்திசையிலிருந்து வந்த பாசஞ்சரில் வழக்கம்போல ஐஸ் வந்தது. போர்ட்டருக்கு விஷயம் தெரியாது. “டீச்சரம்மா, இன்னைக்கு மூட்டை நல்லா கனமா இருக்குங்க. ரொம்பக் கரையல” என்று சொல்லிக்கொண்டே வாசலுக்கு வந்தவர், உள்ளே இருந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு, மூட்டையை இறக்கவும் தெரியாமல் அப்படியே நின்றார். பெங்களூரில் வேலையாக இருந்த என் கணவருடைய தம்பிக்குத் தந்தி போயிருந்தது. தம்பி வந்துதான் அடக்கம் செய்ய வேண்டும். “அதைக் கொண்டாங்க” என்று யாரோ சொன்னார்கள். ஐஸை உடைத்துக் கட்டிலுக்கு அடியிலும் அவருடைய இரண்டு பக்கங்களிலும் வைத்தார்கள். அன்று பகல் முழுக்க அறையில் தண்ணீர் ஓடியது. அதைத் தடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

வெள்ளை நூல் கட்டிய குப்பிகளில் ஒன்றில் பாதி மருந்து மிஞ்சியிருந்தது. அதைப் பஞ்சில் சுற்றித் திருச்சி டாக்டருக்கு அனுப்பி, இதில் வீரியம் இருக்கிறதா, அல்லது முன்பே செத்துப்போன மருந்தா, சோதித்துச் சொல்ல முடியுமா என்று எழுதினேன். பதில் வரவில்லை. அடுத்த வருஷம் நேரில் போனபோது அவர் மாற்றலாகிப் போயிருந்தார். குப்பி வந்து சேர்ந்ததா என்று அங்கே இருந்த யாருக்கும் தெரியவில்லை. கடைசி வாரங்களில் நான் அவருக்குப் போட்டது மருந்தா, வெறும் தண்ணீரா என்பதை இந்தத் தேதி வரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.