கவையில் மிச்சமிருந்த சத்தம்

எனக்குக் காது கேட்காது என்று முதலில் முடிவு செய்தவர் அப்பா.

அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும். கட்டுகஸ்தோட்டையில் பாலத்துக்குச் சற்று மேலே ஒரு சந்துக்குள் வாடகை வீட்டில் இருந்தோம். கடைவீதி மில் ஒன்றில் மிளகாயும் மல்லியும் அரைப்பது அப்பாவின் வேலை. பொழுது சாயும்போது வருவார். கண்ணிமையில்கூடச் சிவப்புத் தூள் ஒட்டியிருக்கும். வாசலில் முகம் கழுவிக்கொண்டே என்னைக் கூப்பிடுவார். "என்னப்பா" என்பேன். மறுபடியும் கூப்பிடுவார். "வர்றேன்ப்பா" என்பேன். அதற்குப் பிறகு அவர் போடும் சத்தத்தில் சந்தே திரும்பிப் பார்க்கும்.

"கூப்பிட்டா ஏன்னு கேக்க மாட்டியா புள்ள?"

என் குரல் அப்படி. இன்றும் கடையில் நின்று சாமான் கேட்டால் எனக்குப் பின்னால் வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

"மில்லுல கத்துற மாதிரி வீட்டுலயும் கத்தாதீங்க. அவளுக்குக் காது இருக்கு, வாய்தான் இல்ல" என்று அம்மா சொல்லிப் பார்த்தார். மில்லில் வேலை செய்தவர்கள் எல்லோருக்கும் ஒரே பேச்சுத்தான். மெஷின் ஓடும்போது கையைக் காட்டியும் உதட்டைப் பார்த்தும் பேசிப் பழகியவர்கள், அது நின்ற பிறகும் அப்படியே பேசுவார்கள். அதனால் அப்பாவின் கத்தலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கத்தி முடித்த பிறகு அவர் நல்லவர். பால் விடாத பிளேன்டீயைக் குடித்துவிட்டுக் கோப்பையின் அடியில் கடைசி மிடறை எனக்கு மிச்சம் வைப்பார். சீனியெல்லாம் அங்கேதான் தங்கியிருக்கும். இது எங்கள் இருவருக்குமான வழக்கம்.

பிறகு பள்ளிக்கூட டீச்சரும் அதையே சொன்னார். பெயரைக் கூப்பிட்டால் பதில் இல்லையாம், ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறேனாம். காது கேட்காத பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளிக்கூடம் இருக்கிறது, அங்கேயே தங்கிப் படிக்கலாம் என்றும் சொல்லி அனுப்பினார். அம்மாவே ஆடிப்போய்விட்டார். தங்கிப் படிப்பது என்றால் அப்பாவின் கோப்பை என்ன ஆகும் என்பதுதான் எனக்கு வந்த முதல் யோசனை.

அப்பா ஒரு நாள் லீவு போட்டு என்னைப் பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மழை தூறிக்கொண்டிருந்தது. பஸ் ஜன்னலில் பனிமூட்டம் கூடவே வந்தது. நான் அன்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே போனேன். டயர் நனைந்த ரோட்டில் ஓடுவது, கொண்டக்டரின் சில்லறை, யாரோ தூக்கத்தில் விடும் மூச்சு. ஒன்றைக்கூட விட்டுவிடக் கூடாது. விட்டால் என்னை அந்தத் தனிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

காது பார்க்கும் டொக்டர் யாழ்ப்பாணத்து அம்மா. நெற்றியில் ஒரு வட்டக் கண்ணாடி கட்டியிருந்தார். நடுவில் ஓட்டை. மேசை விளக்கின் வெளிச்சத்தை அந்தக் கண்ணாடி பிடித்து என் காதுக்குள் ஊற்றியது. அப்படித்தான் எனக்குத் தோன்றியது, காதுக்குள் வெயில் அடித்தது. சின்னப் புனல் ஒன்றைக் காதில் வைத்து எட்டிப் பார்த்தார். தட்டில் பஞ்சு சுற்றிய கம்பிகளும், காது கழுவும் பெரிய ஊசிக்குழாய் ஒன்றும் கிடந்தன. ஊசிக்குழாயையே நான் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, "அது உமக்கில்லை, பயப்படாதையும்" என்றார்.

பிறகு, தட்டினால் ஒலிக்கும் ஒரு கவையை எடுத்தார். இரண்டு கால், ஒரு கைப்பிடி, பளபளவென்று இரும்பு. தன் முழங்கையில் மெல்லத் தட்டிக் கைப்பிடியை என் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார்.

"சத்தம் நிண்டவுடனை விரலைத் தூக்கோணும், என்ன?"

அது சத்தம்போலவே இல்லை. கோயில் மணி நின்ற பிறகு காற்றில் ஒன்று மிஞ்சுமே, அது தலைக்குள் புகுந்து உட்கார்ந்ததுபோல இருந்தது. ஆஸ்பத்திரி மறைந்துபோனது. விடியற்காலையில் பாலத்துக்கு அடியில் மகாவலி ஆறு போகும் ஓசை வந்தது. அதன் கூடவே நானும் வெகுதூரம் போனேன். நூலாக மெலிந்து, மெலிந்து, இல்லாமல் போனபோது விரலைத் தூக்கினேன்.

டொக்டர் அம்மா கை கழுவத் திரும்பினார். குழாயடியில் நின்றபடியே சொன்னார்: "ஐயா, பிள்ளையின்ரை காது நல்ல வடிவாக் கேக்குது. ஒரு குறையுமில்லை."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பாவைப் பார்த்தேன். அவர் குடையைப் பிடித்தபடி, தீர்ப்பு இன்னும் வராதவர்போல டொக்டரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, நல்லா இருக்காம்" என்றேன்.

அப்பா துள்ளி எழுந்தார். "பாத்தீங்களா டொக்டரம்மா! இப்பிடித்தான். வாய் அசையுது, சத்தமே வரல!"

டொக்டர் அம்மா தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு மெதுவாகத் திரும்பினார்.

"எனக்குக் கேட்டதே, ஐயா" என்றார்.

கதிரையை இழுத்து அப்பாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். "சும்மா, பிள்ளையோடை சேர்ந்து நீங்களும் ஒருக்கால் கேளுங்கோ."

அப்பா வெட்கப்பட்டுச் சிரித்தார். தட்டிய கவை அவர் காதுக்குப் பின்னால் போனது. கண்ணை மூடிக்கொண்டார். நான் ஆற்றோடு போனதுபோல அவரும் போய்க்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். ஆனால் உடனே விரலைத் தூக்கிவிட்டார். டொக்டர் அம்மா அதே கவையை மறுபடி தட்டாமல் கொண்டுவந்து என் காதருகே பிடித்தார்.

இன்னும் பாடிக்கொண்டிருந்தது. எவ்வளவோ மிச்சம் இருந்தது.

பிறகு அப்பாவின் நெற்றி நடுவில் வைத்து, எந்தப் பக்கம் கேட்கிறது என்றார். அப்பா இடது பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். டொக்டர் அம்மா அந்தப் பக்கக் காதோடு குனிந்து நிறைய நேரம் பேசினார். எனக்குக் கேட்டது அப்பாவின் பதில்கள் மட்டும்தான். மெதுவாகப் பேச அவருக்கு வராது.

"மில்லுதாங்க. கல்யாணத்துக்கு முந்தியிருந்தே."

"திரும்பி வராதுங்களா?"

"மில்ல விட்டுட்டு எங்கங்க போறது?"

வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தவர்கள் கதவின் பக்கம் பார்த்தார்கள். நான் அந்தக் கவையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டில் ஊசிக்குழாய்க்குப் பக்கத்தில் ஒன்றும் தெரியாததுபோலக் கிடந்தது.

புறப்படும்போது டொக்டர் அம்மா என் தோளைப் பிடித்து, "இனிமேல் அப்பாவின்ரை இடப் பக்கத்திலைதான் நீர் நடக்கோணும். அவர் முகத்தைப் பார்த்துச் சத்தமாக் கதைக்கோணும். செய்வீரோ?" என்றார். பரீட்சையில் தேறியதற்குக் கிடைத்த பரிசு அது என்று நினைத்தேன். பஸ்ஸிலும் இடப் பக்கமே உட்கார்ந்தேன். அப்பா வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும், "புள்ளைக்கு ஒன்னுமில்ல. நல்லாக் கேக்குதாம்" என்று அம்மாவிடம் சொன்னார். தன் காதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அம்மா சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டுப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். அப்பா குடித்துவிட்டு வழக்கம்போலக் கோப்பையை என் பக்கம் நீட்டினார். நான் அவருடைய இடப் பக்கம் போய், என்னால் முடிந்த அளவு சத்தமாகக் கேட்டேன்:

"ஆஸ்பத்திரியில அந்தச் சத்தத்தையும் எனக்குத்தானே மிச்சம் வச்சீங்க?"

அப்பா என் உதட்டைப் பார்த்தார். பிறகு என் தலையில் கையை வைத்தார். கையில் எப்போதும்போல மிளகாய் வாசம்.

"ஆமா புள்ள. ஒனக்குத்தான்."

அந்தச் சத்தம் அவரை விட்டுப் போனது என்று தெரியாமல், கடைசி மிடறைச் சீனியோடு சேர்த்துக் குடித்தேன்.